டேக்வாண்டோ: பெயரும் வேரும்

டேக்வாண்டோவுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை சொல்வார்கள். ஆவணங்கள் காட்டும் வரலாறு அத்தனை நேர்கோட்டில் செல்வதில்லை.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானுக்குப் படிக்கச் சென்ற கொரிய இளைஞர் சிலர் அங்கே கராத்தே பயின்றனர். 1944-இல் சியோலில் சுங் டோ குவான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய லீ வோன் குக் அவர்களுள் ஒருவர். விடுதலைக்குப் பின் இத்தகைய கூடங்கள் பெருகின. அவற்றில் வளர்ந்த கலைக்கு 1955-இல் சோய் ஹாங் ஹி முன்மொழிந்த பெயரே 'டேக்வாண்டோ'. பின்னர் அதுவே நிலைத்தது. 'டேக்கியோன்' என்னும் பழங்கொரியக் கலையின் ஒலியை நினைவூட்டும் பெயர் அது. ஆண்டவர்களிடம் கற்றதற்குச் சொந்த மண்ணில் ஒரு வேர் வேண்டியிருந்தது. அந்த வேட்கையை வெறும் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

ஆனால், ஆடுவதுபோல் அடியெடுத்து வைத்து எதிராளியைக் காலால் வீழ்த்தும் அந்த டேக்கியோன், சோங் டோக் கி (1893–1987) என்ற முதியவரின் கால்களில்தான் எஞ்சியிருந்தது. அவரிடம் பயின்ற ஷின் ஹான் சுங் அதை முறைப்படுத்தினார். 1983-இல் தென்கொரிய அரசு அதனைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1987-இல் ஆசானும் மாணவரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். 2011-இல் யுனெஸ்கோ அதனைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

டேக்வாண்டோ 2000-இல் ஒலிம்பிக்கின் முழுமையான போட்டியாயிற்று. புகழுக்குப் பெயர் போதும். மரபுக்கோ, கற்றதைத் தன் உடலில் காத்துவைக்கும் ஒருவரும், அதைக் கேட்டு வந்து நிற்கும் இன்னொருவரும் தேவை.