என்ன தொழில் செய்கிறீர்?

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலி நாட்டு மோதேனா நகரில், ஒரு வைத்தியரின் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய ஆட்கள் வந்தனர். அவர்களில் ஒருவன் மூச்சு விடவும் நேரமின்றிப் பரபரப்புடன் வேலை செய்து கொண்டிருந்தான். வைத்தியருக்கு இரக்கம் பிறந்தது. “ஏனப்பா இத்தனை அவசரம்? நிதானமாகச் செய்யலாகாதா?” என்று கேட்டார். அவன் குழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும் என்பது அவன் கூறிய விடையின் கருத்து. அவன் மேலே ஏறி வந்தபின் வைத்தியர் அவன் கண்களைச் சோதித்தார். அவை சிவந்து, ஒளி மங்கிக் கிடந்தன. அதே தொழிலைச் செய்து பார்வை இழந்த சிலர் நகர வீதிகளில் பிச்சை எடுப்பதையும் பின்னர் அவர் கண்டார்.

அந்த வைத்தியரின் பெயர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. 1633இல் கார்ப்பி என்ற ஊரிலே பிறந்தவர். மோதேனா பல்கலைக் கழகத்தில் வைத்தியப் பேராசிரியராக விளங்கியவர். தொழிலால் வரும் நோய், தொழிலிடத்துப் பாதுகாப்பு, சுற்றுப்புறத் தூய்மை ஆகிய மூன்றையும் சேர்த்து இன்று பல்கலைக் கழகங்களிலே ஒரு படிப்பாகப் பயில்கிறார்களே, அந்தப் படிப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த மலக்குழியின் ஓரத்திலிருந்தே தொடங்குவர். நாமும் அப்படியே தொடங்கினோம்.

தொழிலாளரின் நோயை அவருக்கு முன் எவரும் எழுதவில்லை என்று சொல்வதற்கில்லை. ஜெர்மானியரான அக்ரிகோலா என்பவரின் சுரங்க நூல், அவர் காலமான மறு ஆண்டு, 1556இல் வெளிவந்தது. கார்ப்பேத்திய மலைச் சுரங்கங்களின் அருகே ஏழு கணவரை மணந்து எழுவரையும் இழந்த பெண்கள் இருந்தனர் என்று அதிலே ஒரு செய்தி வருகிறது. சுரங்கத் தூசு ஆடவரின் நுரையீரலை அரித்துக் கொண்டிருந்ததற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை. ஆயினும், இதனை மாணவர்க்குப் பாடமாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் ராமஸ்ஸினிக்கே உதித்தது. மோதேனாவில் அவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி விரிவுரை ஆற்றினார். 1700ஆம் ஆண்டில் அவ்விரிவுரைகள் இலத்தீன் மொழியில் நூலாயின. குயவர், பொன்முலாம் பூசுவோர், கண்ணாடி செய்வோர், சலவை செய்வோர் என நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களை அந்நூல் ஆராய்ந்தது. நாள் முழுதும் உட்கார்ந்து எழுதும் எழுத்தரையும் அவர் விட்டுவிடவில்லை. ஓயாது ஓடும் கையும், அசையாத உடலும், பிழை நேருமோ என்ற மனக் கவலையும் அவர்களை வாட்டுகின்றன என்றார். கோப்புகளின் நடுவே இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்து வரும் நாம் அந்தப் பகுதியைப் பற்றி முதன்முதலாக அறிந்தபோது, நம் வலக்கையைச் சற்றே பிடித்துவிட்டுக் கொண்டோம்.

அந்நூலில் யாவரும் நினைவிற் கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களைப் பண்டைக் கிரேக்க வைத்தியராகிய ஹிப்போகிரட்டீஸ் வகுத்திருந்தார். அவற்றோடு இன்னும் ஒரு வினாவைச் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று ராமஸ்ஸினி மாணவரைக் கேட்டுக்கொண்டார்: நீர் என்ன தொழில் செய்கிறீர்? நாடி பார்ப்பதற்கு முன், நல்ல நாற்காலி இல்லாவிடினும் எளிய இருக்கை ஒன்றில் அமர்ந்து, ஏழையிடம் இதனைக் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கேள்வி எளிது. ஆனால் பல்கலைக் கழகங்கள் அதைக் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. இடையிலே ஒளி தோன்றாமல் இல்லை. லண்டனில் பெர்சிவல் பாட் என்னும் ரண வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என 1775இல் காட்டினார். லீட்ஸ் நகரத்துத் தாக்ரா 1831இல் ஆலைத் தொழில்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். என்றாலும் இவை தனி மனிதரின் ஆர்வமாகவே நின்றன. பாடத்திட்டத்திலே இடமில்லை, பட்டமும் இல்லை.

இனி அட்லாண்டிக் மாகடலைக் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே 1869இல் பிறந்த ஆலிஸ் ஹாமில்டன் என்னும் வைத்தியப் பெண்மணி, சிக்காகோ நகரின் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் தங்கிச் சேவை செய்து வந்தார். சுற்றிலும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வேறு தேசங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள். அவர்களிற் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழி தெரியாத ஊரில் எந்த வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலைமை எத்தகையது என்பதை, வெளி மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளை ஈயம் செய்யும் ஆலைகளில் அவ்வாறு வந்தவர்களே மிகுதி. ஈயத் தூசு உடலில் ஏறிக் கை மணிக்கட்டுகள் தளர்ந்து தொங்கின, வயிற்று வலி முறுக்கியது, மூளையும் பாதிப்புற்றது.

1910இல் இல்லினாய் மாநில அரசாங்கம் தொழில்வழி நோய்களை ஆராய ஓர் ஆணைக்குழு அமைத்தது. ஈயத்தின் நஞ்சை ஆராயும் பணி இவ்வம்மையாரிடம் வந்தது. ஆலை முதலாளிகள் தந்த கணக்கோடு அவர் நிற்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளரின் வீடுகளுக்கே சென்று அவர்களையும் அவர்கள் மனைவியரையும் விசாரித்தார். ராமஸ்ஸினியின் வினாவே மீண்டும் கேட்கப்பட்டது, இம்முறை வீடு வீடாக.

1919இல் ஹார்வர்டு பல்கலைக் கழகம் தொழில்துறை வைத்தியத்தைக் கற்பிக்க அவரைத் துணைப் பேராசிரியராக அழைத்தது. அப்பல்கலைக் கழகத்தின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. அதன் வைத்தியக் கல்லூரி பெண்களை மாணவிகளாகக்கூடச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. ஆகவே சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆசிரியர் சங்கத்துக்குள் நுழையக் கூடாது. பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது. பந்தாட்டச் சீட்டுக்கு உரிமை கோரக் கூடாது! பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, 1935இல் அதே துணைப் பேராசிரியர் பதவியிலேயே ஓய்வு பெற்றார். பல்கலைக் கழகங்களின் பெருமையைப் பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுவதே முறை. 1970 செப்டம்பரில், தம் 101ஆம் வயதில், அவர் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரிலே அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று.

இந்தியாவில் நடந்தது என்ன? நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது என்பது அதன் பெருந்தன்மை. கல்வியைப் பொறுத்த மட்டில், 1926இல் தன்பாத் நகரில் சுரங்கக் கல்லூரி திறக்கப்பட்டது. 1932இல் கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல ஸ்தாபனம் தோன்றியது. 1966இல் ஆமதாபாத்தில் தொழில்வழி நோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. அதே ஆண்டில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலும் ஏற்பட்டது.

இந்தத் தேதிகளுக்கிடையே தமிழருக்கு நெருங்கிய ஓர் இடம் இருக்கிறது: மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடிபெயர்ந்த ஏழை மக்கள் அங்கே பூமிக்கடியில் பாறையைத் துளைத்தனர். சுரங்கம் இறங்கி இறங்கி மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. பாறையைத் துளைக்கையில் எழும் சிலிக்காத் தூசு கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணியது. அது நுரையீரலின் கடைசி அறைகள் வரை சென்று தங்கித் தழும்பாகிறது. தழும்பேறிய நுரையீரல் விரிவதில்லை. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு இன்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆவதால், இருமல் முற்றியவன் ஊருக்குத் திரும்பிவிடுவான்; அவன் சாவு சுரங்கத்தின் கணக்கில் ஏறாது. 1940இல் மைசூர் அரசாங்கம் சிலிக்கோசிஸ் விதிகளை இயற்றிற்று. அந்தப் பத்தாண்டுகளில் வைத்தியர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்து, பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் இருக்கக் கண்டனர். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆயினும், இந்தியத் தொழில்நோய் ஆராய்ச்சியின் வரலாற்றை எவர் எழுதினாலும் அவர்கள் நுரையீரலைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

இதுவரை சொன்னவை ஆலைச் சுவருக்கு உள்ளே நடந்தவை. சுவருக்கு வெளியேயும் பாடம் உண்டு என்பதை 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் கற்பித்தது. பூச்சிமருந்து ஆலையின் தொட்டியிலிருந்து மெத்தில் ஐஸோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்து உறங்கும் நகரின் மேற் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பல லட்சம் பேர் பாதிப்புற்றனர். ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லப்பட்டிருந்தால் பலர் பிழைத்திருப்பர். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய கடமை எவருடையது என்பதே அன்று தெளிவாக இல்லை. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தைப் பற்றிய விவரங்களைத் தொழிலாளருக்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றாயிற்று. தொழிலாளரின் உடல்நலம், யந்திரப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று தனித்தனி அறைகளில் இருந்த மூன்று பாடங்களும் நம் நாட்டில் ஒரே மேசைக்கு வரத் தொடங்கியது இதன் பின்னரே. இன்று திருச்சிராப்பள்ளியின் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழிற்பாதுகாப்புப் பொறியியல் முதுநிலைப் படிப்பாக இருக்கிறது.

படித்துப் பட்டம் பெற்றவர் எழுதும் எச்சரிக்கை, தொழிலாளியைச் சென்றடைவது பலகையின் மூலம். அங்கேதான் நம்மைப் போன்றவர்களின் பங்கு வருகிறது. அதில் நாம் செய்த பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்க நம்மிடம் தந்தனர். நுரையீரலின் ஆழம் வரை புகவல்ல நுண்ணிய தூசைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல் ஒன்று அதில் இருந்தது. அகராதியைப் பார்த்தோம், “சுவாசிக்கத்தக்க தூசு” என்று எழுதினோம். இலக்கணத்தில் குற்றமில்லை, நமக்குத் திருப்தியும் உண்டாயிற்று.

தில்லியை அடுத்த தொழிற்பேட்டை ஒன்றில் மேஸ்திரியாக இருக்கும் தமிழர் ஒருவர் நமக்குப் பழக்கம். அவருடைய தகப்பனார் கோலாரில் பாறை துளைத்தவர். அறுபது வயதைக் காணாமலே இருமி இருமி இறந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, அந்தத் தாளைச் சற்றுப் பெருமையுடனேயே அவரிடம் காட்டினோம். அவர் இருமுறை படித்தார்.

“ஐயா, இந்தத் தூசு சுவாசிக்கத் தக்கது என்று போட்டிருக்கிறதே. அப்படியானால் அடுத்த வரியில் முகமூடி எதற்கு?”

நாம் பேச்சற்றுப் போனோம். அவர் சிரிக்கவில்லை. தாளை மடிக்காமல் மேசை மீது வைத்தார். அன்று மாலையே அவரை அருகில் அமர்த்திக் கொண்டு, “நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்தூசு, மூச்சில் ஏற விடாதீர்” என்று திருத்தினோம். ‘ஏற விடாதீர்’ என்ற சொற்கள் அவருடையவை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரிற் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என 108ஆம் பிரிவில் விதித்தது. பெரும்பான்மையோர் என்ற சொல்லை நாம் அவரிடம் சுட்டிக் காட்டினோம். அவருடைய ஆலையில் தமிழர் பதினொருவரே. பலகையில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தன. திருத்திய தாளின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். இரவு வேலைக்கு வரும் நால்வருக்கு எழுத்து வாசனை குறைவு, அவர்களுக்குத் தாமே படித்துச் சொல்லிவிடுவதாகக் கூறிச் சென்றார்.