கச்சிப்பேட்டு மாநகரத்தார்

நகரம் என்றதும் இன்று நமக்குத் தெருவும் கட்டடமும் நெரிசலும்தான் நினைவுக்கு வருகின்றன. சங்கப் பாடல்களில் ‘நகர்’ என்பது மாளிகையையும் கோயிலையும் குறிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளுக்கு வந்தால், ‘நகரம்’ ஆட்களைக் குறிக்கிறது. வேளாண்குடிகள் கூடினால் ஊர், பிராமணர் கூடினால் சபை, வணிகர் கூடினால் நகரம். நிலம் விற்றதும் வரி தண்டியதும் இந்தக் கூட்டம்தான்.

இச்சொல்லின் முழு வலிமையையும் காஞ்சியில் காணலாம். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு அவனது 16-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதில் காஞ்சியின் பெயர் கச்சிப்பேடு. ஊரகத்துப் பெருமாளுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, கோல்நிறைகூலியும் காலளவுகூலியும் உரியவை என்கிறது அது. தராசுக்கோலில் நிறுக்கும் சரக்குக்கான கட்டணம் முன்னது, மரக்காலில் அளக்கும் சரக்குக்கான கட்டணம் பின்னது. கடைத்தெரு வியாபாரம்தான் பெருமாளுக்குப் பூசையும் விழாவும் நடத்தியது.

கோயில் காரியத்தைப் பார்த்தவர்கள் யார் தெரியுமா? நெசவாளர்கள்! கம்புழான்பாடி, அதிமானப்பாடி உள்ளிட்ட நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர். அரசனுக்கு ஆடை நெய்தவர்கள். தறியில் உட்கார்ந்தவர்களை நம்பிக் கோயில் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். ஆனால், நம்பிக்கையோடு விட்டுவிடவில்லை. திருவிழா முடிந்ததும் மாநகரத்தார், அதாவது காஞ்சியின் வணிகர் அவையினர், கணக்கைப் பார்க்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் செப்பேட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பணம் கொடுப்பது பெருமை என்றால், கணக்குக் காட்டுவதும் கேட்பதும் அன்று பொறுப்பு.

பிறகு சொல் இரண்டாகப் பிரிந்தது. நகரத்தார் என்றால் இன்று செட்டிநாட்டுச் சமூகம். நகரம் என்றால் வெறும் இடம். காஞ்சிபுரம் 1866-இல் நகராட்சியானது, 2021-இல் மாநகராட்சியானது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வணிகர் அவைக்கு வழங்கிய ‘மாநகரம்’ என்ற பெயர் இப்போது ஓர் அலுவலகத்தின் பெயருக்குள் இருக்கிறது.

காஞ்சியில் கோயில் உற்சவத்துக்கு உபயம் செய்யும் கடைக்காரர்களும் பட்டு முதலாளிகளும் இன்றும் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நன்கொடைப் பலகையில் உங்கள் பெயரை எழுதும் அதே சுவரில், விழா முடிந்ததும் வரவு செலவையும் எழுதி வையுங்கள்.