சக்கர நாற்காலியில் வருபவரிடம் எவ்வாறு பழகுவது?

சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார். சிலர் உற்றுப் பார்க்கின்றனர், சிலர் பார்த்தும் பாராதது போல முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர், சிலர் நேராக வந்து "பாவம், என்ன ஆயிற்று?" என்று கேட்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். எவ்வாறு பழகுவது என அறியாதவர்களே. ஆயினும் நாள்தோறும் இவற்றை எதிர்கொள்பவர் காலப்போக்கில் வெளியே வருவதையே தவிர்த்து விடுகிறார். மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரைப் பகுதிகளில் வாழும் நோயாளிகள், குடும்பத்தினர், அக்கம்பக்கத்தினர் ஆகிய அனைவரையும் மனத்திற்கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

சக்கர நாற்காலி யாருக்குத் தேவைப்படுகிறது?

மரத்திலிருந்து விழுதல், சாலை விபத்து, ஆழமற்ற நீரில் தலைகீழாகக் குதித்தல் ஆகியவற்றால் தண்டுவடம் பாதிக்கப்படலாம். பக்கவாதம், தசைச் சிதைவு நோய், மூளை முடக்குவாதம், கால் அகற்றப்படுதல் ஆகியனவும் காரணங்களாகும். போலியோ இல்லாத நாடாக இந்தியா 2014இல் அறிவிக்கப்பட்டது. எனினும் அதற்கு முன் அந்நோயால் பாதிக்கப்பட்ட பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

இந்நிலைமைகளுள் எதுவும், உடன் அமர்வதாலோ கைகுலுக்குவதாலோ பிறருக்குத் தொற்றுவதில்லை. இவை முற்பிறவிப் பயனும் அல்ல. நாற்காலியைப் பயன்படுத்துவோரில் சிலரால் சிறிது தொலைவு நடக்கவும் இயலும். நீண்ட தொலைவிற்கு மட்டுமே அவர்களுக்கு நாற்காலி தேவைப்படும். அத்தகையவர் எழுந்து நிற்பதைக் கண்டு "நடிக்கிறார்" எனக் கூறுவது தவறாகும்.

கூச்சம் உடல்நலத்தைப் பாதிக்குமா?

ஆம். பிறர் பார்வைக்கு அஞ்சி வீட்டிற்குள் முடங்குபவர் மருத்துவமனைக்கு வருவதையும் தள்ளிப்போடுகிறார். உணர்ச்சியற்ற பகுதியில் தோன்றும் அழுத்தப் புண் வலிப்பதில்லை. எனவே அது எலும்பு வரை ஆழ்ந்த பின்னரே பலருக்குத் தெரிய வருகிறது. வெளியில் கழிப்பறைக்கு உதவி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவருக்குச் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் ஏற்படும் வாய்ப்பு மிகுகிறது. தனிமை நீடித்தால் மனச்சோர்வு உண்டாகலாம். பிறருடைய ஒரு பார்வையும் ஒரு சொல்லும் இவ்வளவு தூரம் செல்லக்கூடும்.

பேசும்போது கவனிக்க வேண்டியவை

• அவரிடமே பேசுங்கள். "இவருக்கு என்ன வேண்டும்?" என உடன் வந்தவரைக் கேட்காதீர்கள். மருத்துவர்களாகிய நாங்களும் இத்தவற்றைச் செய்வதுண்டு. அப்போது "என்னிடமே கேளுங்கள்" என்று கூற நோயாளிக்கு முழு உரிமை உண்டு.
• நீண்ட நேரம் பேசுவதாயின், அவருடைய கண்மட்டத்திற்கு வருமாறு அருகில் அமர்ந்து பேசுங்கள்.
• வயதுக்கும் உறவுக்கும் உரிய மரியாதையுடன் "ஐயா", "அம்மா", "அண்ணன்", "அக்கா" என அழையுங்கள். வளர்ந்தவரைக் குழந்தை போலக் கொஞ்சிப் பேசாதீர்கள்.
• எவ்வாறு பாதிப்பு ஏற்பட்டது, திருமணம் ஆயிற்றா, கழிப்பறைக்கு எவ்வாறு செல்கிறார் என்பன அவருடைய தனிப்பட்ட செய்திகள். முன்பின் அறியாத வேறொருவரிடம் கேட்கத் தயங்கும் எதையும் இவரிடமும் கேட்காதீர்கள்.
• "வாருங்கள், கடைவரை நடந்துவிட்டு வருவோம்" போன்ற வழக்குச் சொற்கள் வாய்தவறி வந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. அவர்களும் அவ்வாறே பேசுவர்.
• "ஊனமுற்றோர்" என்பதற்கு மாற்றாக "மாற்றுத்திறனாளிகள்" என்னும் சொல்லைத் தமிழக அரசு 2010 முதல் பயன்படுத்தி வருகிறது.

உதவும்போது கவனிக்க வேண்டியவை

"உதவட்டுமா?" என்று முதலில் கேளுங்கள், விடைக்காகக் காத்திருங்கள். "வேண்டாம்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நாற்காலி அவருடைய உடலின் ஒரு பகுதி போன்றது. கேளாமல் தள்ளினால் அவர் விரல்கள் சக்கரத்தில் சிக்கலாம். அவர் முன்புறமாக விழவும் நேரலாம். அதன்மேல் சாய்வதையும் பைகளை மாட்டுவதையும் தவிர்க்கவும்.

செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி மெதுவாக இறக்குங்கள். மணலில் முன்சக்கரங்கள் புதையும். நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்த்துப் பின்னோக்கி இழுப்பது எளிது. தூக்க நேர்ந்தால், கழன்றுவிடக்கூடிய கைப்பிடிகளையும் கால்தாங்கிகளையும் பற்றாதீர்கள். எங்கே பிடிப்பது என்பதை அவரிடமே கேளுங்கள்.

குழந்தைகள் கேட்டால்

"அம்மா, அவர் ஏன் உட்கார்ந்தே போகிறார்?" என்று குழந்தை உரக்கக் கேட்டால், அதட்டி இழுத்துச் செல்லாதீர்கள். அவ்வாறு செய்தால், அஞ்சத்தக்க ஒன்றைக் கண்டுவிட்டதாகக் குழந்தை எண்ணும். "பாட்டிக்குக் கண்ணாடி உதவுவது போல, அவருக்கு அந்த நாற்காலி உதவுகிறது" என்று கூறினால் போதும். குழந்தை பேச விரும்பினால், அவரிடம் வணக்கம் கூறச் செய்யுங்கள்.

நாற்காலியைப் பயன்படுத்துவோருக்கும் பராமரிப்பாளருக்கும்

எல்லாக் கேள்விகளுக்கும் விடையளிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்பது போன்ற ஒரு விடையை முன்னரே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளரே, உங்களிடம் கேள்வி வந்தால் "அவரிடமே கேளுங்கள்" எனத் திருப்பி விடுங்கள். "யாராவது பார்ப்பார்கள்" என்று திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அவரை வீட்டிலேயே விட்டுச் செல்லாதீர்கள்.

1954இல் நேர்ந்த சாலை விபத்தில் மருத்துவர் மேரி வர்கீஸின் கால்கள் செயலிழந்தன. அதன் பின்னரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையின் முதல் தலைவரானார். 1975இல் தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். பிறரால் பார்க்கப்படுபவர்களாக மட்டும் இருந்துவிடாமல், பணியாற்றுபவர்களாக இவர்கள் வாழ்ந்து காட்டினர்.

உப்பளப் பகுதியில் கூடுதல் கவனம்

உப்புக்காற்றில் இரும்புப் பாகங்கள் விரைவில் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் இடுங்கள். பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்புகள் குறுகியவை, வழுக்கக்கூடியவை. துணையின்றிச் செல்ல வேண்டாம். வெயிலில் நின்ற நாற்காலியின் உலோகமும் இருக்கையும் உணர்ச்சியற்ற தோலைச் சுட்டுவிடும். அமரும் முன் பராமரிப்பாளர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடல் அழுத்தத்தை மாற்றி அமருங்கள். வால் எலும்பு, பிட்டம், குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பாருங்கள். நம்மவர் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருமை, சூடு, தடிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 92ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகும். பொது இடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் நோக்கமாகும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை, சக்கர நாற்காலியில் வருவோர் கடலருகே செல்ல வழிசெய்தது.

எப்போது உதவியை நாட வேண்டும்?

தோலில் நிறமாற்றமோ புண்ணோ தோன்றினாலும், காய்ச்சலுடன் சிறுநீர் கலங்கினாலும், உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, யாரையும் காண மறுத்தல் ஆகியவை நீடித்தாலும் மருத்துவரிடம் கூறுங்கள். வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் எழுந்தால் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம். வெளியே வர இயலாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை வழங்கப்படுகிறது. அடையாள அட்டைக்கும் சக்கர நாற்காலிக்கும் விழுப்புரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.