குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?

பறையைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். எழுத வேண்டியதுதான். அடித்தவர்களைப் பற்றி, இனி அடிக்க மாட்டோம் என்று கீழே போட்டவர்களைப் பற்றி, போட்டதை மறுபடி எடுத்து மேடையேற்றியவர்களைப் பற்றியெல்லாம் கட்டுரை இருக்கிறது, ஆய்வேடு இருக்கிறது. ஆனால் சேரியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவனைப் பற்றி, கேட்டவளைப் பற்றி எழுதியவர்கள் அரிது. வரலாறு நம்மை இசைக்கிறவர்களாகத்தான் பார்க்கிறது, அதுவும் அடுத்தவன் வீட்டு எழவுக்கு இசைக்கிறவர்களாக. நமக்கும் ஒரு காது இருந்தது, அது ஒன்றைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்றைத் தள்ளியது, பிடித்ததை எதிர்வீட்டுக்காரனிடம் போய்ச் சொன்னது என்பதை யாரும் வரலாறாக மதிக்கவில்லை.

"இப்ப இன்னா பாட்டு கேட்டுக்கினு இருக்க?" பிள்ளைகள் இன்றைக்குச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். செல்போனில் ஒருத்தர் அனுப்ப இன்னொருத்தர் கேட்கிறார். ரொம்பச் சின்னக் கேள்விதான். ஆனால் கேட்பதையே குற்றமாக எழுதி வைத்த நாடு இது. வேதத்தை வேண்டுமென்றே கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். ஓதினால் நாக்கை அறுக்கச் சொல்கிறது. சூத்திரனுக்கே இந்தக் கதி. அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவனைப் பற்றிச் சட்டம் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. காதுக்கு எட்டாத தூரத்தில்தானே அவனைக் குடியிருக்க வைத்திருந்தார்கள்!

அந்தத் தூரத்தை முதலில் உடைத்தது எந்தச் சீர்திருத்தவாதியும் இல்லை. ஒலிபெருக்கிதான் உடைத்தது.

கிராமபோன் காலம் நமக்கு அதிகம் வேண்டியதில்லை. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் குரலெல்லாம் அதில் ஏறின. பெட்டியும் தட்டும் பண்ணையார் வீட்டுக் கூடத்தில் இருந்தன, நாம் வாசலுக்கு வெளியே இருந்தோம். 1940களில் தமிழிசை இயக்கம் வந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார்கள். மேடையில் எந்த மொழியில் பாடுவது என்று பெரிய சண்டை நடந்தது. நியாயமான சண்டைதான். அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்து கேட்பது என்பது அந்த அளவுக்குச் சண்டையாகவில்லை.

அரசாங்க ரேடியோவின் கதை வேறு. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கியது. அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியப் பெட்டி இல்லாமல் ஆட்டம் கிடையாது. அந்தச் சத்தம் முப்பது வருஷம் சாஸ்திர சுத்தத்துக்கு ஆகாததாக இருந்தது. 1952இல் அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டையும் தரக்குறைவு என்று ஒதுக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அங்கே 1950இலேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. மயில்வாகனன் குரல் தமிழ்நாட்டு டீக்கடைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1957இல் விவித்பாரதியைத் தொடங்கி டெல்லி இறங்கி வர வேண்டியதாயிற்று. இதைக் கேட்பவர்கள் செய்த கலகம் என்று சொன்னால் பெரிய வார்த்தையாகத் தெரியலாம். நான் அப்படித்தான் சொல்வேன்.

கிராமத்துக்குள் ரேடியோ வந்தது பஞ்சாயத்து வழியாக. பஞ்சாயத்துக் கட்டடத்தில் பெட்டியை வைத்துப் பூட்டியிருப்பார்கள். கட்டடத்தின் மேலேயோ மரத்திலேயோ கூம்புக் குழாயைக் கட்டியிருப்பார்கள். செய்தி, விவசாய நிகழ்ச்சி, நடுவில் பாட்டு. திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் அந்தக் குழாய் ஊர்த்தெருவைப் பார்த்திருந்தது. காலனி அதற்கு முதுகுப் பக்கம். மேல்காற்று அடிக்கிற ஆடி மாசத்தில்தான் எங்கள் பக்கம் பாட்டு தெளிவாக வரும் என்பார்கள். எண்பது வயது தாண்டிய பெரியப்பா ஒருவர் என்னிடம் சொன்னது:

"அவங்க ரேடியோதான், அவங்க குழாய்தான். ஆனா காத்து யாருதுப்பா? சாயங்காலம் ஆச்சின்னா ஏரிக்கரை மேல போயி குந்திக்குவோம். அங்க நல்லா கேக்கும். எவனும் ஒன்னும் சொல்ல முடியாது. ஏரிக்கரையில குந்தறதுக்குமா கேஸ் போடுவான்?"

டீக்கடையிலும் இதே கதை. நமக்குத் தனி டம்ளர், தனி இடம், கீழே குந்திக் குடிக்க வேண்டும், நாமே கழுவி வைக்க வேண்டும். ஆனால் பலகை மேலிருந்த ரேடியோவுக்கு ரெண்டு வாய் வைக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவன் காதிலும் மண்ணில் குந்தியவன் காதிலும் டி.எம்.சௌந்தரராஜன் ஒரே நேரத்தில்தான் விழுந்தார். மண்ணில் குந்தியவன் வாய்விட்டுக் கூடப் பாடினால் மட்டும் பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

இலங்கை வானொலியில் ஒரு பாட்டு போடுவதற்கு முன்னால் அதை விரும்பிக் கேட்டவர்கள் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். தபால் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் காலனியிலிருந்தும் எழுதினார்கள். எழுதத் தெரிந்த ஒருத்தர் இருப்பார், அவரிடம் நாலு பேர் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, ஊர்த்தெருப் பையன்கள் மூன்று பேர் பெயரையும் எங்கள் ஆட்கள் ரெண்டு பேர் பெயரையும் அறிவிப்பாளர் ஒரே மூச்சில் வாசித்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கொழும்பில் இருந்தவருக்கு எது ஊர், எது காலனி என்று தெரியுமா? ஊர்த்தெருவில் சிலருக்கு அது பொறுக்கவில்லையாம். அடுத்த கடிதத்தில் எங்கள் ஆட்கள் ஊர்ப் பெயரோடு 'காலனி' என்று சேர்த்து எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். ரேடியோவில் வருகிற பெயருக்கும் வேலி போடப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் சேர்த்து எழுதவில்லை.

இதில் இன்னொரு வழியும் உண்டு. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதாக அதில் ஒப்புக்கொண்டது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம் சனம் ஏராளம். நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் திரும்பி வந்த குடும்பங்கள் லயத்தில் கேட்ட அதே நிலையத்தை இங்கேயும் வந்து தேடிப் பிடித்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் நமக்கு அது வெளிநாட்டு ரேடியோ. அவர்களுக்கு விட்டுவிட்டு வந்த வீட்டின் சத்தம். இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பெண்கள் டீக்கடைக்குப் போனதில்லை. அவர்கள் கேட்டது எங்கே? என் அத்தை சொல்கிறார்: "களை எடுக்கச் சொல்லோ ஆண்டை மவன் வரப்பு மேல டிரான்சிஸ்டர வச்சிக்கினு குந்தியிருப்பான். அவன் நம்பளுக்காவா வச்சான்? நாங்க குனிஞ்சபடியே கேப்போம். ஆளுக்கு ஒரு அடி மனசுல வச்சிக்கினு வந்து, ராத்திரி திண்ணையில சேத்துப் பாடுவோம். நடுவுல ஒரு அடி வுட்டுப்போச்சின்னா நாங்களே ஒன்னு போட்டுக்குவோம்." ஆளுக்கு ஓர் அடியாகப் பாட்டைத் திருடிக்கொண்டு வந்து திண்ணையில் முழுதாக்கியிருக்கிறார்கள். சில பாட்டுகள் எங்கள் தெருவில் இன்றைக்கும் அந்தத் திண்ணை வார்த்தைகளோடுதான் வழங்குகின்றன. ஒரிஜினல் பாட்டைப் போட்டால் "இது தப்பா பாடறான்" என்பார்கள்.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் சேரியின் கேட்பு வரலாற்றை எழுத முடியாது. இளையராஜா எங்கிருந்து வந்தார், அண்ணன் பாவலர் வரதராசன் எந்த மேடைகளில் பாடினார் என்பது காதோடு காதாகத் தெரிந்திருந்தது. தன்னைச் சாதியோடு சேர்த்துச் சொல்வதை அவர் விரும்பியதில்லை. அது அவர் உரிமை. ஆனால் கேட்பவன் தனக்குள் என்ன நினைத்துக்கொள்கிறான் என்பது கேட்பவன் உரிமை. வயலில் கேட்ட சத்தம் பெரிய வாத்தியங்களோடு திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் ஒரு மிடுக்கு வந்தது. அதை யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

அப்புறம் கேசட் வந்தது. பிலிப்ஸ் கம்பெனி அதை 1963இலேயே கொண்டுவந்துவிட்டாலும், காலனிக்கு வர எண்பதுகள் ஆயிற்று. அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ இன் ஒன் கொண்டுவந்தார்கள். டவுனில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. நாம் பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு அரைமணி, மொத்தம் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு. அந்தப் பட்டியலைத் தயார் செய்ய எங்கள் தெருவில் நாள்கணக்கில் விவாதம் நடக்கும். காசு நாலு பேர் போடுவது, பாட்டு ஆளுக்கு மூன்று. ஒருத்தனுக்குப் பிடித்த பாட்டை மற்ற மூன்று பேரும் கேட்டே தீர வேண்டும். ரேடியோவில் அவன் போட்டதைக் கேட்டோம், குழாயில் அவன் திருப்பிய பக்கம் கேட்டோம். கேசட்டில்தான் முதன்முதலாக எது முதலில் வர வேண்டும், எது கடைசி என்று நாங்களே தீர்மானித்தோம்.

ஆதிதிராவிடர் மாணவர் விடுதியில் நான் இருந்தபோது முப்பது பேருக்கு ஒரு டேப்ரெக்கார்டர். கூரை ஒழுகும், சோற்றில் கல் இருக்கும், அதைப் பற்றியெல்லாம் எழுதியாயிற்று. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் முறை வைத்துக் கேசட் போடுவோம். வடசென்னைப் பையன் கானா போடுவான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவதைக் காலிப் பெட்டியும் தாளமுமாக யாரோ பதிவு செய்தது. மதுரைப் பக்கத்துப் பையன் கரகாட்ட மேளம் போடுவான். அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தபோது மேடைப் பேச்சுக் கேசட்டுகளும் இந்த வரிசையில் சேர்ந்தன. இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடிய 'மனுசங்கடா'வை நான் முதலில் கேட்டது மேடையில் இல்லை, ஐந்தாறு கை மாறி இரைச்சலேறிப்போன ஒரு கேசட்டில். பாடியவர் யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. குரல் நம்ம குரல் என்று மட்டும் தெரிந்தது. அவர்கள் இருவரும் 2016இல் ஒரே ஆண்டில் போய்விட்டார்கள்.

நாம் கேட்டோம் என்பதோடு மட்டும் இந்தக் கதை நின்றுவிடவில்லை. நம்மைக் கேட்க வைக்கவும் செய்தார்கள். 1992இல் 'தேவர் மகன்' வந்த பிறகு அதன் சாதிப் பெருமைப் பாட்டு தென்மாவட்டங்களில் ஊர்வலத்திலும் விழாவிலும் நம் தெருவை நோக்கிப் போடப்பட்டது. இசை இளையராஜா. எந்தப் பாட்டால் மிடுக்கு வந்ததோ, அதே கையிலிருந்து வந்தது இதுவும். 2023இல் 'மாமன்னன்' பட விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் பேசினார். முப்பது வருஷமாக ஆயிரம் தெருக்களில் முணுமுணுத்த பேச்சு அது. குழாயைத் திருப்பிக் கட்டி நம்மைக் கேட்கவிடாமல் செய்வது ஒரு வித்தை என்றால், நம் பக்கமே திருப்பிக் கட்டிக் கேட்க வைப்பது இன்னொரு வித்தை. ரெண்டிலும் குழாய் அவன் கையில்.

இயக்கத் தோழர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. சினிமாப் பாட்டு ஆதிக்கப் பண்பாடு, பறையும் நாட்டுப்புறப் பாட்டும்தான் தலித் இசை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். பறை நம்முடையது, சந்தேகமில்லை. ஆனால் "நீ இதைத்தான் இசைக்க வேண்டும்" என்று ஊர் சொன்னதற்கும், "நீ இதைத்தான் கேட்க வேண்டும்" என்று நாம் சொல்வதற்கும் எத்தனை தூரம்? ஏரிக்கரையில் குந்தி சௌந்தரராஜனைக் கேட்ட பெரியப்பாவை ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. கண்டதையும் கேட்டு வளர்ந்த காது இல்லாமல் அது வந்திருக்காது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கினார்கள். மார்கழி என்றால் சபா என்றிருந்த நகரத்தில், கேட்கிறவர்கள் கூட்டமும் மாறி உட்கார்ந்தது.

கேசட்டுகள் இப்போது பரணில் கிடக்கின்றன. நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கிப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே அட்டையில் பட்டியல் எழுதியிருக்கும். யார் எழுதியது, எந்தக் கடையில் பதிந்தது, யாரிடம் இரவல் போய் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பின்பக்கம் உள்ள ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. உடைத்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து மறுபடி பதிந்த கேசட்டுகள் நம் வீடுகளில் நிறைய. அப்படி ஒன்று கிடைத்தால் 'பி' பக்கத்தைக் கடைசிவரை ஓடவிடுங்கள். சினிமாப் பாட்டு முடிந்து மீந்த மூன்று நான்கு நிமிடத்தில் யாராவது ஒரு பெரியம்மாவை உட்காரவைத்துப் பாடச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டுக் கேசட்டில் அப்படி ஒரு ஒப்பாரி இருக்கிறது. நடுவில் ஒரு ஆடு கத்துகிறது, "சும்மா இரு சனியனே" என்று அதை அதட்டிவிட்டு, விட்ட அடியிலிருந்தே எடுத்துப் பாடுகிறார். நாடா தீர்ந்து பாட்டு பாதியில் நிற்கிறது.