நெஃபர்டிட்டியும் ஒரு பென்டிரைவும்

பெர்லினில் இருக்கும் நெஃபர்டிட்டி சிலைக்கு வயசு சுமார் 3,300. 1912-ல் எகிப்தின் அமர்னாவில், துட்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் ஜெர்மானியர்கள் தோண்டி எடுத்தது. இதுக்கு யார் காப்புரிமை கேட்க முடியும்?

சிலைக்கு இல்லை, ஸ்கேனுக்குத்தான் சண்டை. அந்த முப்பரிமாண ஸ்கேனை ஜெர்மனியின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார் அமெரிக்கக் கலைஞர் காஸ்மோ வென்மன். வணிக நலன் பாதிக்கும் என்றது அருங்காட்சியகத் தரப்பு. மூன்று வருஷ இழுபறிக்குப் பிறகு கோப்பு ஒரு பென்டிரைவில் வந்தது. திறந்து பார்த்தால், டிஜிட்டல் சிலையின் அடியில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமக் குறியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்!

ஸ்கேன் என்பது உள்ளதை உள்ளபடி எடுப்பது. எடுத்தவரின் கற்பனை அதில் கலந்தால் அது மோசமான ஸ்கேன். அப்புறம் படைப்புரிமை எங்கிருந்து வரும்? உழைப்பு, செலவு எல்லாம் உண்டு, ஒத்துக்கிறேன். ஆனால் உழைப்பு வேறு, படைப்பு வேறு.

காப்புரிமை முடிந்த ஓவியத்தையோ சிற்பத்தையோ அப்படியே நகலெடுத்தால் புது உரிமை பிறக்காது என்று 2019-ல் ஐரோப்பிய ஒன்றியமே விதி போட்டது. 2021-ல் ஜெர்மனியும் அதைச் சட்டமாக்கியது.

கெய்ரோவில் ஒரு சிற்ப மாணவருக்கு பெர்லின் போகாமல் அந்த முகத்தை வார்த்துப் பார்க்கணும்னா, இந்தக் கோப்புதான் வழி.