ஓடுவதற்கும் யானைக்கும் என்ன தொடர்பு?

கைலாசபுரத்துக் காலை நடையில் பாதி உடற்பயிற்சி, பாதி உரையாடல். சென்ற மாதம் ஒரு நாள் என் மாணவன் ஒருவன் வழியில் நிறுத்தி ஒரு தாளை நீட்டினான். காட்டு யானைகளின் பாதுகாப்புக்கு நிதி திரட்டுவதற்காக 21 கி.மீ. ஓடப்போகிறானாம். ஓடி முடிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறேன் என்று நாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். என்னோடு நடந்துகொண்டிருந்தவர் கொதிகலன் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மாணவன் அகன்றதும் கேட்டார்: “யானைக்குப் பணம் வேணும்னா நேரா கேட்டு வாங்கிக்கலாமே சார்? இவன் ஓடுறதுக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்?”

நியாயமான கேள்விதான். அப்போது என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது நினைவுக்கு வந்த சில செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தவன் சிபி. பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் துலாக்கோலில் தன்னையே நிறுத்தவன். உறையூரிலிருந்து ஆண்ட சோழர்களை அவன் வழிவந்தோர் என்று புறநானூற்றுப் புலவர்கள் பலமுறை போற்றுகின்றனர். ‘செம்பியன்’ என்ற பெயரும் அம்மரபைக் குறிப்பதே. புறாவுக்கு ஈடாகப் பொன்னைக் கொடுக்க அம்மன்னனால் முடியாதா? எனினும் கதை அவ்வாறு அமையவில்லை. ஓர் உயிரின் மதிப்பைப் பிறர் உணர வேண்டுமாயின் கொடுப்பவனுக்கு வலிக்க வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் எனக் கொள்ளலாம்.

அடுத்தது நம் ஊரிலிருந்தே புறப்பட்ட ஒரு நடை. 1930 ஏப்ரல் 13ஆம் நாள், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து இராஜாஜியும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினர். தொலைவு ஏறத்தாழ 150 மைல். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர் என்பது நாமறிந்த வரலாறு. உப்பு மட்டுமே நோக்கமென்றால் புகைவண்டியிலேயே போயிருக்கலாம். நடந்ததனால்தான் வழியெங்கும் உள்ள ஊர்கள் போராட்டத்தில் பங்குகொண்டன. பொட்டலம் கட்டிய பெண்ணும் அன்று சத்தியாக்கிரகியே.

இந்த முறையைக் காடுகளுக்காகக் கையாண்டதும் நம் நாட்டில் நிகழ்ந்தது. 1987 நவம்பரில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பதற்கான நெடும்பயணம் தொடங்கியது. ஓர் அணி கன்னியாகுமரியிலிருந்தும் மற்றோர் அணி மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலிருந்தும் புறப்பட்டு, 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தன. காடு அழிவதை நேரில் காண்பதும் மலையடிவார மக்களோடு பேசுவதுமே அதன் நோக்கம். நிதி திரட்டுவது அன்று.

வனவிலங்குக்காக நடந்தே நிதி திரட்டியவருள் என்னை மிகவும் கவர்ந்தவர் கென்யாவின் மைக்கேல் வெரிக்கே. மொம்பாசாவில் 1956இல் பிறந்தவர். இளமையில், வனவிலங்குத் துறையின் கிடங்கில் யானைத் தந்தங்களுக்கும் காண்டாமிருகக் கொம்புகளுக்கும் நடுவே வேலை பார்த்தார். ஒவ்வொரு கொம்பும் ஒரு விலங்கின் சாவு என்ற எண்ணம் அவரை உறுத்தியது. அவ்வேலையை விட்டு, மோட்டார் வண்டிகளைப் பூட்டும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். 1970 அளவில் கென்யாவில் ஏறத்தாழ 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. 1980களின் இறுதியில் எஞ்சியவை ஏறத்தாழ 400.

செல்வமோ பதவியோ இல்லாத அந்தத் தொழிலாளி 1982இல் மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு நடந்தார். ஏறத்தாழ 480 கி.மீ. உடன் வந்தது அவர் வளர்த்த மலைப்பாம்பு! பாம்பைக் காணக் கூடியவர்களிடம் காண்டாமிருகத்தைப் பற்றிப் பேசினார். 1985இல் கம்பாலாவிலிருந்து தார் எஸ் சலாம் வழியாக மொம்பாசா வரை நடந்தார். 1988இல் ஐரோப்பாவிலும், 1991இல் வட அமெரிக்காவிலும் நடந்தார். இந்நடைகளால் திரண்ட தொகை ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் என்பர். 1990இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். 1999இல் மொம்பாசாவில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்; அப்போது வயது 43.

அவர் நடந்ததனால் மட்டுமே காண்டாமிருகம் பிழைத்தது என்று கூறுவது மிகை. 1987இல் நக்குரு தேசியப் பூங்காவில் வேலியிட்ட காப்பிடம் அமைந்தது. வேலியும் காவலரும் பல்லாண்டுக் கண்காணிப்பும் சேர்ந்தே காத்தன. இன்று கென்யாவில் அவ்விலங்குகள் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. ஆனால் வேலிக்கும் காவலர்க்கும் யாரேனும் பணம் தர வேண்டும். தருவதற்கு முன், காணாத ஒரு விலங்கைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டும். அக்கவலையைத்தான் வெரிக்கே ஊர் ஊராகச் சுமந்து சென்றார்.

நண்பரின் கேள்விக்கு என் விடையும் இதுவே. நேராகக் கேட்டால் பணம் கிடைக்கலாம். அத்துடன் நாம் மறந்தும் விடுவோம். தன் உடலை வருத்திக் கேட்பவன் நம்மையும் அக்காரியத்தில் சேர்த்துக்கொள்கிறான். ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓட்டம் ஒரு காலையில் முடிந்துவிடும். நம் ஊருக்கு அருகே எம்.ஆர். பாளையத்தில் 2019 முதல் யானைகள் மறுவாழ்வு மையம் உள்ளது. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாத தீவனம் வேண்டும். ஓடியவனின் கால்வலி ஆறிய பிறகும் அந்தச் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வேதாரண்யம் போனவங்க கணக்கு எழுதி வச்சிருப்பாங்க சார். இந்தப் பையனையும் எழுதச் சொல்லுங்க. வாங்கின காசு எந்த யானைக்குப் போச்சுன்னு வந்து சொல்லணும்” என்றார். பிறகு தாளை வாங்கி, என் பெயருக்குக் கீழே கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று எழுதினார். நான் எழுதியிருந்தது ஐந்து.