24-க்கும் 36-க்கும் நடுவுல ஒரு 30

எங்க சித்தப்பா கிட்ட ஒரு பிலிம் கேமரா இருந்தது. ரோலுக்கு 36 படம். அதைக் கையில எடுத்தார்னாலே வீட்டுல எல்லாரும் நிமிர்ந்து நிப்போம். "கண்ணைச் சிமிட்டாத, ஒரு படம் வீணாப் போயிடும்" என்பார். பொங்கலுக்கு மாட்டின ரோல் முடிய தீபாவளி ஆகிடும். அப்புறம் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துட்டுக் காத்திருக்கணும். இந்த 36-ஐ மனசுல வச்சுக்கோங்க, கதையில திரும்ப வரும்.

1973-ல் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினியர், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் கோடாக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கோடாக்னா அன்னைக்குப் பிலிம்தான். அவருடைய மேலதிகாரி கேரத் லாயிட் ஒரு சின்ன வேலை கொடுத்தார்: சிசிடின்னு ஒரு புது சிப் வந்திருக்கு, அதை வச்சு ஏதாவது செய்ய முடியுமான்னு பாரு. சிசிடி என்பது 1969-ல் பெல் லேப்ஸில் பிறந்தது. மேலே விழும் வெளிச்சத்தை மின்சார அளவாக மாற்றித் தரும்.

சாஸன் கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். சூப்பர் 8 மூவி கேமராவோட லென்ஸ், 16 பேட்டரி, படத்தைச் சேமிக்க ஒரு கேசட் ரெக்கார்டர். ஆமாம், கேசட்தான். 1975 டிசம்பரில் அது வேலை செய்தது. எடை சுமார் 3.6 கிலோ. பார்த்தா கேமரான்னே சொல்ல முடியாது. படம் 100-க்கு 100 புள்ளி, மொத்தம் 10,000, அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி.

லேபில் வேலை பார்த்த ஒரு பெண்ணை நிறுத்திப் படம் எடுத்தார்கள். டிவியில் போட்டுப் பார்த்தால் கறுப்பு முடி தெரியுது, வெள்ளைப் பின்னணி தெரியுது, முகம் மட்டும் ஒரே குழப்பம். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, இன்னும் வேலை இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கோளாறு என்னன்னா, வயர்களை வரிசை மாற்றி இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 4 இலக்கமாகப் பதிவாகும். முழுக் கறுப்பு 0000, முழு வெள்ளை 1111. இரண்டையும் திருப்பிப் போட்டாலும் அதேதான். ஆனா நடுவுல இருக்கிற சாம்பல் நிறம்? 0001 திரும்பினா 1000 ஆயிடும். முகம் முழுக்கச் சாம்பல்தானே. வயரை மாற்றினதும் முகம் வந்துடுச்சு.

அடுத்து மேலிடத்துக்குக் காட்டினார்கள். டிவியில யார் போட்டோ பார்ப்பாங்க? எங்கே சேர்த்து வைப்பாங்க? எப்போ இது சாதாரண மக்கள் கைக்கு வரும்? 15, 20 வருஷம் ஆகும்னு சாஸன் சொன்னார். வெளியே பேசாதே என்று சொல்லிவிட்டார்கள். 1978-ல் காப்புரிமை மட்டும் கிடைத்தது.

கோடாக் முட்டாள்தனமா இதைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுச்சு, அதனாலதான் 2012-ல் திவால் மனு கொடுத்ததுன்னு எல்லாரும் சொல்றோம். நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கலர் டிஜிட்டல் படத்துக்கு அடிப்படையான பேயர் பில்டரைக் கண்டுபிடிச்சவர் அதே கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர். 1991-ல் நிக்கான் எஃப்3 உடம்பை வைத்துத் தொழில்முறை டிஜிட்டல் கேமராவும் விற்றார்கள். தூங்கிடல. சிக்கல் வருமானத்தில் இருந்தது. பிலிம் உலகத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு: ரோல், கெமிக்கல், பேப்பர். டிஜிட்டலில் கேமராவை ஒரு தடவை வாங்கினா முடிஞ்சது. தன் சோத்துலயே யாரு மண்ணள்ளிப் போட்டுக்குவா?

இப்போ அந்த எண்ணுக்கு வருவோம். ஒரு கேசட்டுக்கு எத்தனை படம்னு முடிவு பண்ணும்போது, சாஸன் 30 என்று வைத்தார். ஏன்? பிலிம் ரோலில் 24 அல்லது 36 படம், அதனால நடுவுல ஒரு எண். பிலிமே இல்லாத கேமராவைச் செய்த மனுஷனும் பிலிம் கணக்கில்தான் யோசிச்சிருக்கார் பாருங்க.

சித்தப்பா இப்போ செல்போன்லதான் எடுக்கிறார். போன பொங்கலுக்குப் பானை பொங்கினதை மட்டும் 40 படம் எடுத்திருந்தார். எதை அழிக்கிறதுன்னு என்னைக் கேட்டார். எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்தது. ஒண்ணுலகூட அவர் இல்லை.